பல்ப் வயரில் கட்டிய காவல்காரன்

எங்கள் வீட்டுப் பிரிட்ஜுக்கு என் குணம். நினைத்தால் ஓடும், நினைக்காவிட்டால் சும்மா நிற்கும். ஒருமுறை சத்தமில்லாமல் ஒரு பகல் முழுக்க நின்றுவிட்டது. உள்ளே இருந்த என் இன்சுலின் குப்பிகள் சூட்டில் பழுதாகிப்போயின. அடுத்த குப்பி கிடைக்கும்வரை நான் பட்ட பாட்டைப் பார்த்த மருமகள், "இனி இது நிண்டால் எங்களுக்கு உடனே தெரியவேணும் மாமி" என்றாள்.

அவள் துறைமுக வீதிப் பக்கம் ஒரு கடையில் கைபேசி திருத்துகிறாள். மகன் இழுவைப் படகில் வேலை செய்கிறான். மலைபோன்ற கப்பலைக் கயிறு போட்டு இழுப்பான். வீட்டில் பல்ப் மாற்ற வேண்டுமென்றால் மனைவியைத்தான் கூப்பிடுவான்.

ஒரு நாள் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி கொண்டுவந்தாள். பிரிட்ஜுக்குள் வைத்தால் எவ்வளவு குளிர் என்று இலக்கத்தில் காட்டும். சூடு எட்டைத் தாண்டினால் கீச்சுக் கீச்சென்று கத்தும். ஆனால் அதன் பற்றரி அந்தக் குளிரில் அடிக்கடி செத்துப்போனது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிரிட்ஜின் உள்விளக்கு மூடியைக் கழற்றி, பழைய சார்ஜர் ஒன்றின் வயிற்றுக்குள் இருந்ததை எடுத்து, பெட்டிக்குக் கரண்ட் கிடைக்கப் பல்புக்குப் போகும் வயரிலேயே பொருத்தத் தொடங்கினாள்.

நான் கதிரையைப் போட்டு முன்னால் உட்கார்ந்தேன். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் நல்ல கையைப் பார்த்தால் தெரியும். பித்தப்பை உடையாமல் மீன் துப்புரவாக்கும் கைபோல, எதையும் கிழிக்காமல், எதையும் இழுக்காமல் போய்வந்தது அவள் கை. கழற்றிய ஆணிகளை என் வெற்றிலைத் தட்டில் கழற்றிய ஒழுங்கிலேயே அடுக்கினாள்.

"கரண்ட் அடிக்காதோ பிள்ளை?"

"பிளக்கைக் கழட்டிப்போட்டுத்தான் கை வைச்சனான் மாமி."

"அது சரி. உனக்கு ஏதும் நடந்தால் ஆர் சோறு காய்ச்சிறது?"

"அப்ப நான் சோத்துக்குத்தானோ?"

"சீச்சி, கறியும் நல்லா வைப்பாய்."

வேலை முடிந்ததும் கதவைத் திறந்து வைத்து, சுடுதண்ணீர்க் கோப்பையைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தாள். பெட்டி கத்தியது. கோப்பையை எடுத்துக் கொஞ்ச நேரத்தில் அடங்கியது. நான் கைதட்டினேன். அன்றிலிருந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் ஐந்து, ஆறு என்று இலக்கம் பச்சையாக எரியும்.

நோன்புப் பெருநாளுக்குக் கிண்ணியாவிலிருந்து என் கூட்டாளி கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் போட்ட வட்டிலப்பம் அனுப்பினாள். பாலம் வருவதற்கு முன், பாதை என்கிற மிதவையில் ஏறி அக்கரைக்குப் போன காலத்துச் சிநேகம். ஒரு பெருநாளுக்கும் அவள் தவறவிட்டதில்லை. மருமகள் தட்டை வாங்கி மேல்தட்டில் வைத்துவிட்டு, "இது உங்களுக்கில்லை மாமி" என்றாள். ஓம் என்றேன். ஓம் என்று சொன்னால் உடம்பில் சீனி ஏறாது.

மறுநாள் மத்தியானம் வீட்டில் ஒருவரும் இல்லை. கரண்டியோடு போய் பிரிட்ஜைத் திறந்தேன். திறந்த கையோடு பெட்டி கத்தியது. என்னைப் பிடிக்கத்தான் இந்தக் கள்ளி இதைக் கட்டியிருக்கிறாள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினேன். சத்தம் நின்றது. திரும்பவும் திறந்தேன். திரும்பவும் கத்தியது. இலக்கம் பதினாறு. வட்டிலப்பத்தைத் தொட்டுப் பார்த்தேன், குளிரே இல்லை. பிரிட்ஜ் நின்றுபோயிருந்தது.

அப்படியென்றால் கதவு மூடியிருந்தபோது இது ஏன் கத்தவில்லை? கதவோரத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை விரலால் அமத்தினேன். பல்ப் அணைந்தது. பெட்டியும் வாயை மூடியது. விரலை எடுத்தேன். இரண்டும் விழித்தன. கதவைச் சாத்தினால் பல்ப் நித்திரை. பல்போடு கட்டிய காவல்காரனும் நித்திரை.

என் குப்பிகள் கதவுப் பக்கத்தில் இருந்தன. பின்னேரம்வரை பேசாமல் இருந்தால் இந்த முறையும் பழுதாகிவிடும். சொன்னால், ஏன் திறந்தாய் என்ற கேள்வி வரும். ஊசிக்கு என்று சொல்ல ஏலாது, அதைக் காலையும் இரவும் அவள்தான் போட்டுவிடுவாள். தண்ணீருக்கு என்றும் சொல்ல ஏலாது. பல் கூச்சத்தால் மண்பானைத் தண்ணீரைத் தவிர நான் வேறு குடிப்பதில்லை என்பது இந்த ஒழுங்கைச் சனத்துக்கே தெரியும். கொஞ்ச நேரம் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தொலைபேசியை எடுத்தேன்.

"பிரிட்ஜ் நிண்டுபோச்சு பிள்ளை. உன்ரை பெட்டி கதவு திறந்தால்தான் முழிக்குது."

"ஐயோ மாமி, ஓம். கதவைத் திறந்து வைச்செல்லோ சரிபார்த்தனான். பிழை என்ரைதான். குப்பியளை உறையிலை போட்டு மண்பானைக்குப் பக்கத்திலை வையுங்கோ, வாறன்." பிறகு, "நீங்கள் ஏன் திறந்தனீங்கள்?"

"வட்டிலப்பம் சுகமோ எண்டு பார்க்க."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். கடையில் சொல்லிவிட்டுச் சைக்கிளில் வந்தாள். வந்ததும் குப்பிகளை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் பத்திரப்படுத்தினாள். பிரிட்ஜைத் திருப்பி, பின்னால் கருகியிருந்த சின்னக் கறுப்புத் துண்டை மாற்ற அது முனகத் தொடங்கியது. பிறகு திரும்பவும் பிளக்கைக் கழற்றி, பெட்டியின் வயரைப் பொத்தானுக்கு முன்னால், எந்த நேரமும் கரண்ட் வரும் வயரோடு சேர்த்தாள். தன் பிழையைத் தானே திருத்தும்போதும் அந்தக் கை எதையும் கிழிக்கவில்லை, எதையும் இழுக்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. நான் என்றால் பிரிட்ஜையும் மாமியையும் சேர்த்துத் திட்டியிருப்பேன்.

இந்த முறை சுடுதண்ணீரை உள்ளே வைத்துக் கதவை மூடினாள். இருவரும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றோம். உள்ளே இருட்டுக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று கேட்டது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பின்னேரம் பிரிட்ஜ் நன்றாகக் குளிர்ந்ததும் குப்பிகளைத் திரும்ப வைத்தாள். வட்டிலப்பத்தில் ஒரு துண்டை வாயில் போட்டு, "பழுதாகேல்லை" என்றாள். பிறகு வெற்றிலைத் தட்டைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"கதவு கொஞ்ச நேரம் திறந்தால் அது கத்தாது மாமி. இருபது எண்ணுமட்டும் பொறுக்கும். கிழமைக்கு ஒருக்கா, ஒரு கரண்டி."

ஐந்தாம் வகுப்புப் படிப்பு இருபதுக்குப் போதும். நான் ஆறுதலாக, மெள்ள மெள்ளத்தான் எண்ணுவேன்.