முன்னால் ஓடிய உப்புத் தண்ணீர்

அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் நாலே பேர். ஆம்பூரிலேயே கடை வைத்திருந்த மெக்கானிக் பாய். என் மனைவி, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிறவள், ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பாட்டு கேரியரோடு நேராக வந்திருந்தாள். அவளுடைய தம்பி, ஜாக்கி போடுவதற்கும் என்னைக் கிண்டல் பண்ணுவதற்கும். அப்புறம் நான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. என்னிடம் இருந்தது சாதாரண பிக்கப், பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. ஆலங்காயம் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு தோல் மண்டி. மலைச் சந்தைகளில் வாங்குகிற தோலையெல்லாம் அங்கே உப்புப் போட்டு அடுக்கி வைப்பார்கள். வாரத்துக்கு இரண்டு நடை அதை ஏற்றிவந்து ஆம்பூரில் தோல் பதனிடுகிற டேனரியில் இறக்குவது என் பிழைப்பு. வாடகையும் வண்டித் தவணையும் பிள்ளைகளின் ஃபீசும் அந்த இரண்டு நடையை நம்பித்தான் இருந்தன.

மண்டிக்குப் போகிற கடைசி மூன்று கிலோமீட்டர் மண்பாதை. கல் லாரிகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் சக்கரத்தடம் பள்ளமாகிவிட்டது. நடுவில் மேடு அப்படியே நின்றது, புல்லுக்குள் கல்லை ஒளித்துவைத்துக்கொண்டு. இரண்டு தடவை சைலன்சர் கழன்று விழுந்தது. ஒரு தடவை ஆயில் சேம்பர் உடைந்து, போன வழியெல்லாம் கறுப்புக் கோடு. மழை பெய்தால் நான் கீழேயே நின்றுவிடுவேன். தோலை மாட்டுவண்டியில் இறக்கிக் கொண்டுவர வேண்டும்.

மண்டி முதலாளி ஒருநாள் சொல்லிவிட்டார். "தோல் அழுவிப்போவுதுபா. நீ கீழ நின்னுனு ஹாரன் அடிச்சினு இருக்க. ஆலங்காயத்துல ஒருத்தன் ஃபோர் வீல் ஜீப் வச்சிருக்கான். அவன் வர்றேன்றான்."

அன்றிரவு சோறு இறங்கவில்லை. எனக்குப் பொதுவாகவே அப்படித்தான். எட்டாவதோடு படிப்பை விட்டதிலிருந்து, படித்தவர்கள் பயப்படாத விஷயங்களுக்கெல்லாம் சேர்த்து நான் பயந்துவிடுவேன்.

நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் வண்டி வாங்க வழியில்லை. "வாங்க வேணாம் தோஸ்த். அதோட காலை மட்டும் வாங்கிப் போட்டுக்கலாம்" என்றார் மெக்கானிக் பாய். எங்கேயோ மோதி நசுங்கிய வண்டி ஒன்று அவரிடம் இருந்தது. என் வண்டி மாதிரியேதான், ஆனால் ஃபோர் வீல் மாடல். அதன் ஸ்பிரிங் பட்டைகள் நன்றாக வளைந்து உயரமாக இருக்கும். நாலு சக்கரத்துக்கும் அதையே போட்டால் வண்டி தூக்கிக்கொள்ளும்.

"ஆக்ஸில் இருக்கிற எடத்துலதான் இருக்கும். சேம்பரு, சைலன்சரு, பாடி, இதுங்கதான் மேல போவும். இழுக்கிற சக்தி ஒண்ணும் ஜாஸ்தி ஆவாது. அதை இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

ஞாயிறு காலையிலிருந்து கேள்வி கேட்டபடியே இருந்தேன். உயர்ந்துவிட்டால் பிரேக் ஹோஸ் எட்டுமா? வளைவில் கவிழுமா? ஆர்.டி.ஓ. பிடித்தால் என்ன சொல்வது?

"மாமா, நீங்க கேக்கற கேள்விக்கு பதில் சொல்லியே பாய்க்கு தொண்டை போயிடும்" என்றான் மைத்துனன்.

"கேக்கட்டும்பா. பிரேக் ஹோஸு நானே மறந்திருந்தேன்" என்று பாய் எழுந்துபோய் அந்த நசுங்கிய வண்டியிலிருந்தே நீளமான ஹோஸ்களைக் கழற்றி வந்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு ஜாக்கியை இறக்கியபோது வண்டி நாலு விரற்கடை உயர்ந்து நின்றது. பின்பக்கம் அதைவிடவும் தூக்கல். பாய்ந்து ஓடப்போகிற கிடா மாதிரி இருக்கிறது என்று மைத்துனன் சுற்றிச் சுற்றி வந்தான்.

என் மனைவி சாப்பாட்டு கேரியரைக் கழுவிய தண்ணீரை வண்டியின் பின்தட்டில் கொட்டினாள். தண்ணீர் கேபின் பக்கமாக ஓடியது.

"இன்னாங்க இது, தண்ணி முன்னாடி போவுது?"

"லோடு ஏறினா பின்னாடி உக்காந்துக்கும்மா" என்றார் பாய். நானும் தலையாட்டினேன். காலையிலிருந்து இருபது விஷயத்துக்குப் பயந்தவன், அந்த ஒன்றுக்குப் பயப்படவில்லை.

திங்கட்கிழமை மண்பாதையில் ஏறினேன். நடுமேடு வந்ததும் பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். சத்தமே இல்லை. புல் மட்டும் அடியில் உரசியது. மண்டி வாசலில் போய் நின்றபோது முதலாளி கணக்கு நோட்டோடு எழுந்து வந்து பார்த்தார். லோடு ஏற்றச் சொன்னார்.

லோடு ஏறியும் பின்பக்கம் உட்காரவில்லை. அந்த நசுங்கிய வண்டியின் பழைய ஓனர் கல் ஏற்றுவதற்காகப் பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. கல்லுக்குக் கட்டிய ஸ்பிரிங்குக்குத் தோல் ஒரு பாரமே இல்லை.

உப்புப் போட்ட தோலிலிருந்து தண்ணீர் வடிந்தபடியே இருக்கும். எங்கள் பக்கத்து வண்டிகளில் அது பின்கதவு வழியாக ரோட்டில் சொட்டிக்கொண்டே போகும். அன்றைக்கு அது முன்னால் ஓடிவந்து, கேபின் பின்தகட்டில் துருவேறியிருந்த ஓட்டை வழியாக உள்ளே இறங்கி, என் சீட்டை நனைத்தது. வாணியம்பாடி தாண்டும்போது சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நாற்றத்தை எழுத முடியாது. அதைவிட மோசம், முன்பக்கம் இருந்த கட்டுகள் தங்கள் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தன. டேனரியில் தோல் தரம் பார்க்கிறவர் பன்னிரண்டு தோலை ஓரமாக எடுத்துப் போட்டார். கறை.

முதலாளிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன்.

"ஏறவும் தெரியணும், இறக்கவும் தெரியணும்பா. வியாழக்கிழமை ஒரு நடை பாக்கறேன். அதுவும் இப்படின்னா ஜீப்காரன்தான்" என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்குப் போனதும் மனைவி கொல்லைப்புறத்தைக் காட்டி, "அங்கயே நின்னு ஊத்திக்கோங்க" என்றாள். குளித்து முடித்ததும், "நான் சொன்னேன் இல்ல" என்பாள் என்று காத்திருந்தேன். "அந்த பாய் நல்ல ஆளு. திட்டாம போய் சொல்லுங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே போய்ச் சொன்னேன். பாய் அந்தச் சட்டையை மோந்து பார்த்தது போல மூக்கைச் சுளித்தார். இரண்டு நாள் கழித்துப் புதன்கிழமை அவளும் அரைநாள் லீவு போட்டு வந்தாள். பாய் பின்பக்கம் இரண்டிரண்டு பட்டையை உருவினார். யு போல்ட்டை முறுக்கிவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"நீயே ஊத்தும்மா. நீ சரின்னாதான் சரி."

அவள் குடத்தோடு தட்டில் ஏறி நின்று ஊற்றினாள். தண்ணீர் கொஞ்சம் யோசிப்பது மாதிரி நின்றது. பிறகு பின்கதவைப் பார்க்கப் போயிற்று. பாய் கைதட்டினார். துருவேறிய ஓட்டைக்கும் தகடு வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார்.

"எவ்ளோ ஆச்சு பாய்?" என்று கேட்டேன்.

"பட்டை, ஹோஸு, கூலி, எல்லாம் சேத்து ஆறாயிரம். இப்ப உன்னை கேட்டா பேஜார்தான் ஆவே. மண்டி வாசல் வரைக்கும் ஏறிட்டு வர்ற நடைக்கு அம்பது குடு. ஏறலன்னா அன்னிக்கு காசு வேணாம்."

வியாழக்கிழமை ஏறினேன். லோடு ஏற்றினேன். முதலாளி வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தே வந்தார். பின்கதவிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டு சொட்டாக மண்ணில் விழுவதைக் குனிந்து பார்த்தார்.

"மழைக்காலத்துக்கும் நீயே வந்துடு" என்றார். ஆம்பூர் வரும்வரை ஏதாவது கழன்று விழும் என்று காதைத் தீட்டியபடி வந்தேன். எதுவும் விழவில்லை. அந்த மழைக்காலமும் அதற்கடுத்த ஆறு மழைக்காலங்களும் அந்த மண்டி நடை என்னிடமே இருந்தது.

பாய்க்கு நடைக்கு ஐம்பது கொடுத்துக்கொண்டே வந்தேன். தொண்ணூற்று மூன்று நடைக்குக் கொடுத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை போனபோது ஒர்க்‌ஷாப் பூட்டியிருந்தது. மகளோடு ஓசூர் போய்விட்டார் என்றார்கள். பக்கத்து டீக்கடையில் விசாரித்தேன், விலாசம் தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போது மைத்துனனும் வண்டி ஓட்டுகிறான்; அந்தப் பக்கம் லோடு போகும்போதெல்லாம் ஒர்க்‌ஷாப்புகளில் விசாரிக்கிறான். போன வாரம் ஒருவர், கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் ஸ்பிரிங் வேலை பார்க்கிறார், ஆம்பூர்க்காரர் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்து நானும் மனைவியும் போகிறோம். அவருக்கு நான் தர வேண்டியது இன்னும் ஆயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.