சிங்கனின் காலும் கொண்டக்டரின் கையும்

இன்று எங்கள் நாய் சிங்கனை வவுனியாவிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தோம். எங்கள் குடியேற்றக் கிராமத்துக்கு வேறு வாகனம் இல்லை. ஒரு வயதும் ஆகாத அல்சேசன், கன்றுக்குட்டி அளவு. பின்கால் மூட்டில் சத்திரசிகிச்சை செய்து பலகை வைத்துக் கட்டியிருந்தது.

"மூட்டு இன்னொருக்கா விலகினா என்னாலை ஒண்டும் செய்யேலாது, தங்கச்சி" என்றுதான் மிருக வைத்தியர் அனுப்பினார்.

கொண்டக்டர் வாசலை மறித்தார். "நாயை ஏத்தேலாது."

"மூட்டை வெட்டிக் கட்டியிருக்கு, அண்ணை. பாருங்கோ" என்றார் என் கணவர்.

பார்த்தார். "சரி, பின்னுக்குக் கிடத்துங்கோ. குலைச்சா இறக்கிப்போடுவன்."

மாங்குளம் தாண்டியதும் மாடுகள் குறுக்கே வந்தன. பஸ் குலுங்கி நின்றது. சிங்கன் மிரண்டு எழும்பப் பார்த்தான். நான் கழுத்தைப் பிடித்தேன், கணவர் முதுகை அமத்தினார். கட்டுப் போட்ட கால் உதறியது.

கொண்டக்டர் பாய்ந்து வந்து அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்தார். சிங்கன் திரும்பி அவர் கையைக் கடித்தான்.

"விடுங்கோ அண்ணை, கடிக்கிறான்!" என்றேன்.

"விட்டா மூட்டுப் போயிடும், பிள்ளை. நீ தலையைப் பிடி."

கிளிநொச்சி வரை அவர் எழும்பவில்லை. கட்டும் அசையவில்லை.

எங்கள் ஊர்க்காரரில் நாளை அந்தப் பஸ்ஸில் போகிறவர்கள் அவருடைய கை எப்படி என்று கேட்டுச் சொல்லுங்கள். எனக்கு முகம் கொடுக்க வெட்கமாக இருக்கிறது. நாயை ஏற்றமுடியாது என்று அவர் முதலில் சொன்னது சரிதானே?