சேவல் இறகுக்கு விழுந்த கெண்டை

எங்கள் வீட்டில் மீனுக்குப் பஞ்சம் வந்ததே மாமா மீன் பிடிக்க ஆரம்பித்த வருஷத்தில்தான். அதற்கு முன்பு அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாரண்டஹள்ளிக்குப் போய் மீன் வாங்கி வருவார். மாமா தூண்டிலைத் தூக்கியதும், "வூட்லயே ஒருத்தன் புடிக்கறப்ப கடையில எதுக்கு?" என்று நிறுத்திவிட்டார். மாமா அந்த வருஷம் முழுக்கப் பிடித்தது ஒரே ஒரு மீன்.

மாமா அம்மாவின் தம்பி. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். நான் நாலாவது படித்த வருஷம், ஒரு பையோடும் மூன்று கட்டுக் கல்யாணப் பத்திரிகையோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் கல்யாணம் நின்றுபோய்விட்டது என்றார்கள். மழை வந்தால் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா நிற்குமே, அதுபோல ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். பத்திரிகையின் பின்பக்கம் வழவழவென்று இருந்தது, கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு ரொம்ப வசதி. மாமாவும் கோபித்துக்கொள்ளவில்லை. பென்சிலைச் சீவிக் கொடுத்தார்.

ஒரு மாதம் மாமா கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. செல்போனே கதி. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு வீடியோவைக் காட்டினார். ஏதோ பனிமலை ஆறு. இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு வெள்ளைக்காரர் நின்றுகொண்டு நீளமான நூலைச் சாட்டைபோல வீசுகிறார். முள்ளில் புழு கிடையாது. இறகைச் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சி. புள்ளி போட்ட மீன் ஒன்று எம்பி வந்து அதைக் கவ்வியது. அதன் பெயர் ட்ரவுட் என்றார் மாமா.

"நம்ம சின்னாத்துல அது இருக்குங்களா மாமா?"

"கெண்டை இருக்குதில்ல. அது மட்டும் என்ன, பூச்சி வேண்டாம்னா சொல்லும்?"

சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

தக்காளிக்கு முட்டுக்கொடுக்க அப்பா வைத்திருந்த மூங்கிலில் ஒன்றை மாமா சீவிக் கம்பாக்கினார். நூலுக்கு மெழுகு தேய்த்தார். பூச்சி கட்ட அம்மாவின் தையல் டப்பாவைத் திறந்தார். அந்த டப்பாவை நான் தொட்டால் கையை ஒடித்துவிடுவாள். மாமாவைப் பார்த்து, "ஜரிகை நூலும் அடியில கெடக்குது, எடுத்துக்கடா" என்றாள். என்ன அநியாயம் என்று எனக்கு வயிறெரிந்தது.

வீசிப் பழகியது தக்காளித் தோட்டத்தில். முள் முதலில் என் ரிப்பனில் மாட்டியது, பிறகு அப்பாவின் துண்டில், பிறகு பக்கத்துத் தோட்டத்து எருமையின் வாலில். எருமை மாமாவைக் கம்போடு சேர்த்து வரப்புவரை இழுத்துப் போனது. அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா மட்டும் மாட்டிய முள்ளைப் பொறுமையாக எடுத்துக் கொடுத்தாள்.

அப்புறம் ஆற்றுக்குப் போக ஆரம்பித்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைப்பதற்குள், "நீயும் கூடப் போ புள்ள" என்பாள் அம்மா. வீட்டுப்பாடம் முடித்தாயா என்றுகூடக் கேட்க மாட்டாள். மாமா தண்ணீரில் நிற்பார், நான் கரையில் பூச்சி டப்பாவோடு உட்கார்ந்திருப்பேன். எதிர்க்கரையில் ஒரு பெரியவர் மண்புழு கோத்துத் தூண்டில் போடுவார். அவருக்கு நாங்கள்தான் பொழுதுபோக்கு.

"ஏந்தம்பி, மீனுக்கு எறகைப் போடறீங்க, சரி. வூட்டுல கோழிக்கு என்ன போடறீங்க?"

அவர் கூடை நிறைந்து போகும். நாங்கள் வெறுங்கையோடு திரும்புவோம். வாசலிலேயே அம்மா என்னைப் பிடித்துக்கொள்வாள்.

"தண்ணில எதுவரைக்கும் எறங்குனான்?"

"முழங்கால் வரைக்கும்."

"கட்டிக் குடுத்த சோத்தத் தின்னானா?"

மீன் விழுந்ததா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அம்மாவுக்கு மீன்பிடியில் என்னமோ நுணுக்கம் தெரியும் போல என்று நானே நினைத்துக்கொண்டு, "இன்னும் உள்ள போனாத்தாம்மா பெரிய மீன் கெடைக்கும்" என்று ஒரு நாள் யோசனை சொன்னேன். அவள் என் தோளை அழுத்திப் பிடித்தாள். "முழங்காலுக்கு மேல போனா நீ கத்தணும். கேட்டியா? கத்தி வூட்டுக்குக் கூட்டியாந்துடணும்." சரி, மாமாவுக்கு நீச்சல் தெரியாது போல என்று விட்டுவிட்டேன்.

எங்களுக்கு வாய்த்த தொல்லை இறகுதான். பெட்டைக்கோழி இறகு நனைந்ததும் முழுகிவிட்டது. சேவலின் கழுத்து இறகுதான் மிதக்கும் என்றது வீடியோ. வீட்டில் இருந்த ஒரே சேவல் முனியப்பனுக்கு நேர்ந்துவிட்டது. மாமா வந்த வாரமே அம்மா அதை நேர்ந்திருந்தாள். யாரும் அதை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. என் தட்டிலேயே வந்து கொத்தும். அந்தக் கடுப்பும் எனக்கு இருந்தது. ஒருநாள் மடியில் அமுக்கிப் பிடித்து நாலு பிடுங்கினேன். கறிக்கடையில் வாங்கியது என்று மாமாவிடம் புளுகினேன். தங்கக் கலர் இறகைப் பார்த்ததும் மாமா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கவே வாரம் நாலு பிடுங்கினேன்.

ஆடி பிறந்தபோது சேவலின் கழுத்து மொட்டை. அந்த ஞாயிற்றுக்கிழமை முனியப்பனுக்குப் பொங்கல். ஊனமான சேவலைச் சாமிக்குக் கொடுக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். அம்மா என்னைக் கொல்லுவாள், அவள் விட்டாலும் முனியப்பன் விட மாட்டார்.

பொங்கலுக்கு முந்தின நாள் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. மாமா வீசினார். பொய்ப் பூச்சி சுழலின் ஓரமாக மிதந்து போனது. சளப்பென்று ஒரு சத்தம். கம்பு வளைந்தது. மாமா மீன் போன பக்கமெல்லாம் போனார், தண்ணீர் இடுப்புக்கு வந்தது. கத்த வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோனது. "இழுங்க மாமா! இழுங்க!" என்று வேறு விதமாகக் கத்திக்கொண்டிருந்தேன்.

என் உள்ளங்கை நீளக் கெண்டை. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமா சிரித்தார் பாருங்கள், கரையில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டன. அவருக்குத் தெத்துப்பல் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எதிர்க்கரைப் பெரியவர் எழுந்து நின்று, "அட, வுழுந்துருச்சுடோய்!" என்று துண்டைச் சுழற்றினார்.

மாமா ஈரவேட்டியோடு மீனை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு பின்னால் வர, நான் முன்னால் ஓடினேன். வாசலில் அம்மா சேவலை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்ட உட்கார்ந்திருந்தாள். நனைந்த கழுத்தைத் தடவிய கை அப்படியே நின்றது.

"எந்தப் பாவி செஞ்ச வேலை இது?"

ஒரே அழுகையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கறிக்கடைப் பொய்யிலிருந்து இன்றைய கெண்டை வரைக்கும். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இந்த எறகுக்கா மீன் வுழுந்துச்சு?"

"ஆமாம்மா."

"அவன் என்ன பண்ணான்?"

"சிரிச்சாரும்மா. கொக்கெல்லாம் பறந்துருச்சு."

"நெஜமா?"

"தெத்துப்பல் தெரிய."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சேவலைத் தரையில் விட்டாள். "போ, ஓடு. முனியப்பன் வாங்க வேண்டியதை வாங்கிக்கிட்டாரு" என்றாள். மறுநாள் பொங்கலுக்கு விலைக்கு வாங்கிய வேறு சேவல் போனது. கழுத்து மொட்டை எங்கள் வீட்டிலேயே கிழடாகி, கடைசிவரை என் தட்டில் கொத்தியது.

அன்று நாலு பேருக்கு அந்த ஒற்றைக் கெண்டையில் குழம்பு. தட்டில் மீனைத் தேடிக் களைத்துப்போன அப்பா, "அடுத்த வாரத்துலருந்து நானே வாங்கியாறேன்" என்றார். மாமா மறுபடியும் சிரித்தார். அடுத்த மாதம் ஓசூருக்கு வேலைக்குத் திரும்பிப் போனார்.

மாமா என்னை மட்டும்தான் ஆற்றுக்குக் கூட்டிப்போவார் என்று ரொம்ப காலம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். யார் யாரைக் கூட்டிப்போனது என்பது புரிய எனக்குப் பத்து வருஷம் ஆனது. அன்றைக்கு எனக்கிருந்த கவலை வேறு. கத்தாமல் விட்டுவிட்டேனே, அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று குழம்பை விழுங்கிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தேன். தண்ணீர் எதுவரைக்கும் என்று அன்று அவள் கேட்கவில்லை. மறந்துவிட்டாள், தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.