கேமரா ஸ்டாண்டு வாங்க வந்தவர்

பொன்னேரி போட்டோ கடையில் நான் பிலிம் வாங்கிய ரசீதில் 1978 ஆகஸ்ட் என்று இருக்கிறது. அவரைப் பார்த்தது அன்றுதான். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றின் காக்கிச் சட்டை, கழுத்தில் பழைய கேமரா. மேசைமேல் வைக்கும் குட்டி ஸ்டாண்டுகள் இரண்டை எதிரே நிறுத்தி, குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கால் தடித்ததை எடுத்தார்.

"எங்க ஊட்ல மேசை ஏது சார்? தண்ணி டிரம்மு மேலதான் வெக்கணும். வர்ற வெள்ளிக்கிழமை பொண்ணுக்குக் கல்யாணம். எல்லாப் படத்தையும் நானே எடுத்துக்கினு இருந்ததால ஒண்ணுலயும் நான் இல்ல. இப்ப பட்டனை அமுக்கிட்டு ஓடிப்போய் சம்சாரம், பொண்ணோட நின்னுக்குவேன்."

"மூணு பேரா நிக்க உன் சம்சாரம் ஒத்துக்குமா?" என்றார் கடைக்காரர்.

மூவர் சேர்ந்து படம் எடுத்தால் ஒருவருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். அவர் ஸ்டாண்டைக் கீழே வைத்துவிட்டார்.

"மாப்ளையையும் சேத்துக்க" என்றார் கடைக்காரர்.

"அவுரு வந்தா அது கல்யாணப் போட்டோ, நைனா. எனக்கு நாங்க மூணு பேருதான் வேணும்."

சற்று யோசித்தவரின் முகம் மலர்ந்தது. "ஊட்ல ஆட்டுக்குட்டி கீது. பொண்ணு மடியில வெச்சா நாலாச்சு!"

"அப்போ ஆபத்து ஆட்டுக்குத்தான். கல்யாண விருந்தாச்சே!" என்றார் கடைக்காரர்.

அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவரு, சொல்லு சார். ஆடு கணக்குல சேருமா?"

சேரும் என்றேன். ஸ்டாண்டை வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு பல புத்தகங்களில் தேடினேன். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதே தெரியவில்லை. அவர் மனைவி ஆட்டை ஒப்புக்கொண்டாரா, அவர் இருக்கும் படம் ஒன்றாவது அந்த வீட்டில் உண்டா என்பது இன்றுவரை நான் உறுதிசெய்யாத தகவல்.