மண்டூர்ப் பாதை ஓடுகிறதா?

கொழும்பில் நான் வேலை செய்யும் திட்டமிடல் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு மோகம் பிடித்திருக்கிறது. ஓட்டுநர் இல்லாமல், மின்கலத்தில், தானாகவே பறக்கும் வான் டாக்சி. கோட்டையில் ஏறினால் நெரிசலுக்கு மேலால் பறந்து விமான நிலையத்தில் இறங்கலாமாம். அதற்கு முன்னால் தண்ணீருக்கு மேல் ஓட்டிப் பார்க்க நகரத்துக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கரையில் இரண்டு இடங்கள் பரிசீலனையில் இருந்தன. ஒன்று சுற்றுலா விடுதிகள் உள்ள பக்கம், மற்றது மண்டூர். புள்ளிப் பட்டியலில் மண்டூருக்கு நேரமிச்சம் என்ற இடத்தில் பூச்சியம் போட்டிருந்தார்கள். "குருமண்வெளி–மண்டூர் பாதை உள்ளது" என்று யாரோ குறித்திருந்ததே காரணம். குறுக்கே ஒரு கிலோமீற்றர்கூட வராத தண்ணீர், அதற்குப் பாதையும் இருக்கிறது, பிறகு பறந்து என்ன ஆகப்போகிறது? நாலு படம் எடுத்துக்கொண்டு வா, மண்டூரை வெட்டிவிடலாம் என்று என்னை அனுப்பினார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு இணையவழிக் கூட்டத்தில் முடிவு.

டிசம்பர் மாதம், நல்ல மாரி. பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம். விடிய இறங்கி, ஒரு பிளேன்ரீயோடு அடுத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். காத்தான்குடியில் கடைகள் திறந்துகொண்டிருந்தன, ஆரையம்பதியில் மீன்பெட்டிகள் ஏறின. ஒவ்வொரு தரிப்பிலும் நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். களுவாஞ்சிகுடிக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர், ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அங்கிருந்து குருமண்வெளித் துறைக்கு ஆட்டோ, முந்நூறு ரூபாய்.

ஆட்டோக்காரர் சுதனிடம், "பாதையால நேரா மண்டூருக்கே விடுங்க" என்றேன்.

"விடலாம் மிஸ். ஆனா பாதை இப்ப அந்தப் பக்கம் நிக்குது. வரட்டும்."

பாதை எப்படி நிற்கும்? எங்கே வரும்? வெளியூர்க்காரி என்று கிண்டல் பண்ணுகிறார் என்றே நினைத்தேன். துறையில் இறங்கியதும் தண்ணீரைக் கையால் காட்டினார்.

"அந்தா, பாதை வருது."

மிதவைகளின் மேல் ஓர் இரும்புத் தளம், இரண்டு பக்கமும் கைப்பிடி, ஓரத்தில் இயந்திரம். மோட்டார் சைக்கிள்களையும் ஆட்களையும் சுமந்துகொண்டு அசைந்து அசைந்து வந்தது. இந்தப் பக்கத்தில் இதற்குப் பெயர்தான் பாதை. கொழும்பில் நாங்கள் அதைத் தார்வீதி ஆக்கி வைத்திருந்தோம்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னபோது சுதனும் எனக்கு ஈடு கொடுத்தார். "வான் டாக்சியா? வான் நம்மட ஊர்லயே கிடக்கு மிஸ். ஏசி போட்டதா வேணும்?" இங்கே வான் என்றால் வேன்.

காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, கால் மணித்தியாலத்தில் அக்கரை. சுதனைக் குருமண்வெளித் துறையிலேயே காத்திருக்கச் சொல்லியிருந்தேன். மண்டூரில் வட்டை என்று சொல்லும் வயல்வெளியின் ஓரமாக, நீர் தேங்காத ஒரு மேட்டுத் துண்டைப் படமெடுத்தேன். பதினொரு மணிக்குத் துறைக்குத் திரும்பினால் வாடைக்காற்று ஏறிவிட்டது. பாதையை ஓட்டாமல் கரையில் கட்டிவிட்டார்கள்.

துறையில் பவளம் அக்காவும் அவருடைய கணவர் குணம் அண்ணனும் இருந்தார்கள். அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. கிழமைக்கு மூன்று நாள் மட்டக்களப்பு வைத்தியசாலையில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அன்று இரண்டு மணிக்கு அவருடைய முறை. பாதங்கள் வீங்கிச் செருப்பு ஏறாமல் பையில் கிடந்தது. போன மழைக்கு ஒரு முறை தவறியபோது படுத்தால் மூச்சு வராமல் விடியும்வரை குந்தியே இருந்தாராம். வெல்லாவெளிப் பக்கத்தால் சுற்றிப் போகலாம் என்றால் அங்கே வீதிக்கு மேலால் வெள்ளம்.

எனக்கு இருக்க முடியவில்லை. துறையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன்.

"இரிகா புள்ள," என்றார் பவளம் அக்கா. "நீங்க நடந்தாப்போல காத்து நிக்கவா போகுது?"

அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். "பாதை ஓடவில்லை, சேர்."

"பாதை எப்படியம்மா ஓடும்?" என்றார் மேலதிகாரி.

விளக்கியதும் குரலே மாறிவிட்டது. அப்படியென்றால் மண்டூருக்குப் புள்ளி எங்கேயோ போய்விடுமே, அந்த நோயாளியை ஒரு படம் எடுங்கள் என்றார். நானும் துள்ளினேன், மறைக்கவில்லை. இருவரிடமும் போய், ஓட்ட ஆளே தேவையில்லாமல் மேலால் பறந்து மூன்று நிமிடத்தில் அக்கரையில் இறக்கும் ஊர்தி வரப்போகிறது என்று கொட்டினேன்.

குணம் அண்ணன் மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டார். "இந்தக் காத்துக்க அது பறக்குமா மகள்?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் பொறியியலாளரை அழைத்து, தொலைபேசியைக் காற்றுக்கு நேரே பிடித்துக் கேட்க வைத்தேன். இப்படிக் காற்றில் சோதனை ஊர்தியைத் தரையிலிருந்து கிளப்பவே விடமாட்டோம் என்றார். அதை அப்படியே திருப்பிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"அப்ப அதுவும் நம்மட பாதைதான்," என்றார் பவளம் அக்கா. அண்ணன் மட்டும் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பன்னிரண்டரைக்குப் பிறகு காற்று கொஞ்சம் இறங்கியது. மோட்டார் சைக்கிள்காரர்கள் யாரும் சொல்லாமலே பின்னால் தள்ளி நின்று அண்ணனை முதலில் ஏற்றினார்கள். குருமண்வெளியில் என் ஆட்டோவையும் தொலைபேசி இலக்கத்தையும் அவர்களுக்குக் கொடுத்தேன். "மட்டக்களப்புத்தானே, பிடிச்சுக்கொள்ளுங்க," என்று சுதன் கிளம்பிவிட்டார்.

மூன்று மணிக் கூட்டத்தில் ஆரையம்பதி தாண்டும்போது பஸ்ஸில் நின்றபடி கலந்துகொண்டேன். அங்கே தேவை பாலம் என்றேன். நாங்கள் பாலம் கட்டுகிறவர்கள் இல்லையே என்றார்கள். புள்ளி ஏறி மண்டூர் தெரிவாகிவிட்டது. காற்றில்லாத நாளாகப் பார்த்துப் பறக்கவிடுவார்கள். "காற்று நாட்களில் பறக்காது" என்று அறிக்கையில் சேர்க்கச் சொல்லிக் கத்தினேன். முன் ஆசனத்து ஐயா திரும்பிப் பார்த்தார், அலுவலகத்தில் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். ஐந்து மணிக்குப் பவளம் அக்காவின் அழைப்பு வந்தது. பிந்திப் போனாலும் தாதி ஒருவர் முறையை மாற்றி, அண்ணனை மெசினில் ஏற்றிவிட்டாராம்.

நீங்கள் போவதென்றால் விடியவே துறைக்குப் போய்விடுங்கள். மாரி காலத்தில் களுவாஞ்சிகுடியிலேயே "பாதை ஓடுதா?" என்று கேளுங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள். திரும்பி வர அரை நாளைச் சும்மா ஒதுக்கி வையுங்கள். துறையில் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு யாராவது இருந்தால் அவரை முதலில் ஏறவிடுங்கள்.

எனக்கு இப்போது ஒரு புது வியாதி. அண்ணனுடைய முறை நாட்களில் கொழும்பு அலுவலகத்தின் யன்னல் காற்றில் அடித்தால் உடனே பவளம் அக்காவுக்கு எடுத்துவிடுகிறேன். "ஓடுது கா" என்று அவர் சொல்லும்வரை எனக்கு இங்கே ஒரு வேலையும் ஓடுவதில்லை.