மலையின் பின்பக்கம்

மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் நான் சமையலறை வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் இருந்தார். சாப்பிடும்போதும் பச்சைத் தொப்பியைக் கழற்றமாட்டார். இத்தாலியின் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் பிறந்தவர்; தாய்மொழி, அந்த மலைப்பக்கத்தில் மட்டும் பேசும் லடின். இந்த நகரத்தில் அதை அவரோடு கதைக்க ஒரேயொரு ஆள்தான்: பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிறந்த ஓர் அம்மா. ஞாயிறுதோறும் வருவார்.

ஒருநாள் அந்த அம்மா, இரண்டு பள்ளத்தாக்குக்கும் நடுவே நிற்கும் மலையைத் தன் ஊர்ப் பக்கமிருந்து எடுத்த படத்தைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். கிழவர் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில், "இது மலையின்ர பின்பக்கமெல்லோ" என்றார். அம்மா கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். "ஐயா, அவ இனி வராட்டி ஆரோட கதைப்பியள்?"

"அதுக்காக முதுகை முகமெண்டு சொல்லேலுமே?"

அந்தக் கிழமை முழுவதும் எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அவர் சூப்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஞாயிறு அம்மா வந்தார், அதே பக்கத்தின் இன்னும் பெரிய படத்தோடு. இரண்டு மணித்தியாலம் லடினில் சண்டை. நான் வைத்த கோப்பியை இருவரும் தொடவேயில்லை.

அம்மா போனதும் கிழவர் என்னைக் கூப்பிட்டார். "அடுத்த ஞாயிறு கோப்பியோட கேக்கும் வை. அவவுக்கு இன்னும் விளங்கேல்லை."

அவர் முகத்தில் இருந்தது கோபமா சந்தோசமா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.