பலகாரம் எப்படிச் சாப்பாடாகும்?

நெய்யில் மிளகு வெடிக்கும் வாசம் எந்தத் தெருவில் வந்தாலும் என் கால் நின்றுவிடும். மூக்கு மட்டும் முந்திக்கொண்டு எண்பதுகளின் திருவண்ணாமலைக்கு ஓடும். இன்று எழுபதைத் தாண்டியும் என்னை அதட்டுகிற பெரியக்காவின் அன்றைய அடுப்படிக்கு.

அக்காவுக்கு அப்போது குடலிறக்கம். கடைசிப் பிரசவத்தில் கிழித்துத் தைத்த இடத்தில் வயிறு புடைத்து நின்றது. வேலூர் டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார்.

"ஆபரேஷன் பண்ணணும். ஆனா இந்த உடம்புல தையல் நிக்காது. சாப்பாட்டக் கம்மி பண்ணி, எடையக் கொறைச்சுட்டு வாங்க."

அக்கா மறுநாளே ஒருபொழுது ஆரம்பித்தாள். மத்தியானம் மட்டும் சோறு. காலையில் பொங்கல், சாயங்காலம் போண்டா, ராத்திரி அடை. பௌர்ணமிதோறும் மலை சுற்றினாள், கூட நான். அடி அண்ணாமலையில் தொன்னை நிறையச் சுண்டல், அதைத் தாண்டினால் புளிசாதம். "பிரசாதத்த வேணாம்னு சொன்னா பாவம்டி!"

ஐப்பசியில் மறுபடி போனோம். எடை மிஷின் முள் முன்பைவிட மேலே போய் நின்று ஆடியது.

"சாப்பாட்டக் கொறைக்கலையா?"

"ஒருவேளைதாங்க சாப்பிடறேன். அந்த மலைமேல சத்தியம்!"

"ராத்திரி?"

"சாப்பிடறதே இல்லீங்க. அடையோட சரி."

"அடை?"

"அது பலகாரம்ங்க."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. சிரிப்பு ஓய்ந்தபின் குரல் மாறியது. "வாய்க்குள்ள போறதெல்லாம் சாப்பாடுதாம்மா. அந்த வீக்கத்துல குடல் மாட்டிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

திரும்பும் பஸ்ஸில் போளூர் வரும்வரை அக்கா விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தாள். பிறகு மெல்ல, "ஏன்டி, அப்ப காபி?" என்றாள்.

"அதுவுந்தான்."

"கெட்டுது போ!"

ஆனால் பயம் பிடித்துவிட்டது. தட்டு சுருங்கிக் கிண்ணமானது. எங்களுக்குப் பொங்கல் கிண்டுவாள். மிளகு வெடிக்கத் தொடங்கியதும் கரண்டியை என்னிடம் தந்துவிட்டு வாசலில் போய் நிற்பாள். எதிர்வீட்டம்மா விடமாட்டார்.

"இன்னாம்மா, வீட்டுக்காரரோட சண்டையா?"

"இல்லீங்க, பொங்கலோட."

தீபத்தன்று மட்டும் தோற்றாள். கையில் பொரி உருண்டை. "முறைக்காதடி. பொரி ஊதுனா பறக்குது, இதுல ஏது எடை?" மலை சுற்றும்போது பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றி என் கையில் திணிப்பாள். அவள் இளைத்தாள், நான் பெருத்தேன். நடையில், வெயிலில், என் திட்டில், ஏக்கத்தில் உருகி உருகி, பங்குனியில் அவள் ரவிக்கையெல்லாம் தொளதொளத்தது. டாக்டரம்மா நாள் குறித்தார்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில், தள்ளுவண்டியில் படுத்தபடி என் விரலைப் பிடித்திருந்தாள். முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. கதவு திறந்தது.

"பயமா இருக்குதாக்கா?"

"பயத்துக்கு எங்கடி எடம்? உள்ள பூரா பசிதான். நீ போய் நாஷ்டா பண்ணிட்டு வா."